பூட்டுமுன் மூன்று குரல்

சனிக்கிழமை காலை வெடிமருந்துக் கிடங்கு வளாகத்தில் இருந்தவர்கள்:

கர்னல் சவரிநாதன். ராணுவத் தளவாடப் பிரிவில் ஓய்வு பெற்றவர், கம்பெனியின் ஆலோசகர்.
ஜோதிலிங்கம். மேனேஜர்.
அப்துல் மாலிக். வேலை கேட்டு வந்தவர்.
ஃபெமினா. வேலை கேட்டு வந்தவர்.
பூவரசன். இரவுக் காவல். அது நான்.

ஆறாவதாக ஒரு நாய் இருந்தது. அதற்கு டோக்கன் கிடையாது என்பதால் நுழைவுப் புத்தகத்தில் எழுதவில்லை. மற்ற ஐந்து பேரும் என் கையெழுத்தில் இருக்கிறார்கள், வந்த நேரம், போன நேரத்தோடு. புத்தகம் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். புரட்டிப் பாருங்கள், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. ஃபெமினா என்ற பெயருக்கு நேரே ஒன்றேகால் மணி என்று எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் எந்தத் தவறும் இல்லை.

உங்கள் ஸ்டேஷன் சாவிக்கொத்து அந்த ஆணியில் தொங்குகிறது. எங்கள் கிடங்கில் அப்படித் தொங்கினால் லைசென்ஸ் போய்விடும். குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டது.

ஏன் செய்தாய் என்று நேற்றிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். முதலில் அந்த வேலைக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தாள் இன்னும் கேட்டில் ஒட்டியிருக்கிறது. கிடங்குப் பொறுப்பு அதிகாரி, பகல் பணி. வேதியியலில் பட்டம். ராணுவத்தில் தளவாடம் அல்லது வெடிபொருள் பிரிவில் அதிகாரியாக இருந்தவர்களுக்கு முன்னுரிமை. சரக்கு இருப்பைக் கையாளும் திறன். நெருக்கடியில் பதறாத மனம்.

பதறாத மனம் என்பதைத் தாளில் எழுதிக் கேட்பவர்களை என்ன சொல்வது? ஆமாம், எனக்குப் பதறும் என்று எவன் எழுதிக் கொடுப்பான்?

நான் வேதியியல் படித்தவன்தான். மூன்றாம் வருடத்தில் விட்டேன். பாடம் நடத்தியவர் பழைய நோட்டைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினார், நான் கரும்பலகையைப் பார்த்து என் நோட்டில் எழுதினேன். இதற்கு ஒரு மனிதன் காலையில் குளித்துவிட்டுப் போக வேண்டியதில்லை என்று தோன்றியது. அதன் பிறகு இந்தக் கிடங்கில் பதினோரு வருடம், எல்லாம் இரவுப் பணி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஓர் அறை. ஊர் எழுந்து குளிக்கப் போகும்போது நான் காவிரிப் பாலம் தாண்டி வந்து படுப்பேன். கம்பெனி விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். மேனேஜரே என்னிடம்தான் கேட்பார். அப்படியிருந்தும் அந்தப் பகல் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டபோது, "நீயுமா?" என்றுதான் கேட்டார்.

அது கல்குவாரிகளுக்கு வெடி கொடுக்கும் கிடங்கு. மன்னார்புரத்திலிருந்து தெற்கே அரைமணி நேரம், பொட்டல் காடு. மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. வெடித்தால் மேலே போகட்டும், பக்கத்தில் போக வேண்டாம் என்பதற்காக. அந்த மேடு சத்தத்தையும் தின்றுவிடும். உள்ளே ஒருவர் கத்தினால் காவல் அறைக்குக் கேட்காது.

கதவு பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஆணிகள். உள்ளே போகிறவர் தன் பித்தளை டோக்கனை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். செல்போன், தீப்பெட்டி, சாவி எல்லாம் வெளியே மரப்பெட்டியில். கதவுக்கு இரண்டு பூட்டு. திறக்க இரண்டு சாவியும் வேண்டும், ஒன்று காவலிடம், ஒன்று மேனேஜரிடம். பூட்டுவதற்குச் சாவியே வேண்டாம், அழுத்தினால் போதும். பூட்டும் முன் பலகை காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உள்ளே தலையை நீட்டி மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குரலுக்கும் பத்து எண்ணி நிற்க வேண்டும். பதினேழாவது விதி.

இதை நினைவில் வையுங்கள். உங்கள் ரைட்டர் எழுதிக்கொண்டாரா?

கர்னல் காரிலேயே ஃபெமினாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு வீடு தில்லை நகர். அவளுடைய அம்மா பேட்ரிசியாவுக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றும், அம்மாவை அங்கே விட்டுவிட்டு வருகிறாள் என்றும் கர்னல் மேனேஜரிடம் சொன்னார். வீடு கைலாசபுரம், அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்தவர். இவள் எம்.எஸ்ஸி. வேதியியல், அதன் பிறகு ஐந்து வருடம் ராணுவத்தில் தளவாடப் பிரிவு, கேப்டன். அம்மாவுக்காகத் திரும்பி வந்திருக்கிறாள். இவ்வளவையும் கேட் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்கள். என்னைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள், "நைட் முடிச்சிட்டு அப்படியே நிக்கிறீங்களாண்ணா? சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டிக்கு வந்த ஆளிடம் இப்படிப் பேசுவது ஒரு வகை மிதப்பு. என்னைப் போட்டியாகவே அவள் நினைக்கவில்லை.

மாலிக் சரக்கு மேலாண்மையில் எம்.பி.ஏ. சென்னைப் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. கர்னல் எங்கள் மூவரையும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வாய் என்று மாலிக்கிடம் கேட்டார்.

"மொதல்ல ஓடுவேன் சார். ஓடி முடிச்சு மூச்சு வந்ததும் உங்களுக்குப் போன் பண்ணுவேன்" என்றான் மாலிக்.

கர்னல் சிரித்தார். சரியான பதில் என்றும் சொன்னார். என்ன தேர்வு பாருங்கள்.

பெட்டிகளை எப்படி அடுக்க வேண்டும், எது எதோடு சேரக்கூடாது, பழைய சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையக் கேட்டார். மாலிக் பாதியில் விழித்தான். நான் ஒன்றைக்கூட விடவில்லை. ஃபெமினா இரண்டு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னாள். வெட்கமே இல்லாமல் சொன்னாள். "பார்த்துட்டு சொல்றேன் சார்" என்றாள். கர்னல் தலையாட்டிக்கொண்டு ஏதோ குறித்தார். தெரியாததற்கு மதிப்பெண் போடும் மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் என்னைக் கேட்டார்.

"பதினோரு வருஷமா பூட்டுற. பூட்டுறதுக்கு முன்னாடி மூணு தடவ குரல் குடுக்கிறியாப்பா?"

"போர்டு காலியா இருந்தா உள்ள ஆள் இல்ல சார். இல்லாத ஆள எதுக்குக் கூப்புடணும்?"

மாலிக் சிரித்தான். கர்னல் சிரிக்கவில்லை. ஃபெமினா பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

"போர்டு பொய் சொல்லும் சார். டோக்கன் கீழ விழுந்துடும், வேற யாராச்சும் மாத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க. எனக்கு ஒரு தடவ நடந்துச்சு. போர்டு காலி, ஆனா உள்ள ஒரு சிப்பாய் இருந்தாரு. மூணாவது குரலுக்குத்தான் பதில் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல."

ஒரு கதை. அவ்வளவுதான். அதற்கு சாட்சி உண்டா, தேதி உண்டா? கர்னலுக்கு அது போதுமாக இருந்தது. நோட்டை மூடினார். பெட்டி பெட்டியாக விதிகளை ஒப்பித்தவனை விட்டுவிட்டு, தூக்கம் வராமல் போன பெண்ணை எடுத்துக்கொண்டார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"உனக்கு எல்லாம் தெரியுது பூவரசா. ஆனா உம்மேல உனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அந்த மாதிரி ஆள் கையில மொத்தப் பொறுப்பையும் குடுக்க எனக்குப் பயமா இருக்குப்பா. நைட்டு டூட்டியிலயே இரு. அந்தப் பொண்ணுக்குக் கூடமாட ஒத்தாசையா இரு."

பதினோரு வருட இரவுகளில் என் கையில்தான் சாவி இருந்தது. அப்போதெல்லாம் இந்தக் கம்பெனியில் யாருக்கும் பயம் வரவில்லை. பகல் என்று வந்ததும் பயம் வந்துவிட்டது.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. தவறான ஆளை எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கணக்கு தப்பாக இருந்தால் கணக்கின் மேல் யாராவது கோபப்படுவார்களா?

பன்னிரண்டரைக்குக் கர்னலும் மேனேஜரும் மாலிக்கும் கிளம்பினார்கள். ஃபெமினா, இரண்டாவது கட்டடத்தின் இருப்பை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போகிறேன், திங்கட்கிழமைக்கு அது உதவும் என்றாள். நியமனத் தாள்கூட வரவில்லை, அதற்குள் உழைப்பைக் காட்டுகிறாள். கர்னல் பஸ்ஸில் போய்க்கொள்கிறாயா என்று கேட்டார். போய்க்கொள்வதாகச் சொன்னாள். மேனேஜர் கட்டடத்தைத் திறந்து வைத்துவிட்டு, "வேல முடிஞ்சதும் பூவரசன் பூட்டிடுவான்மா" என்று சொல்லி, தன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் செய்ததும் விதிமீறல்தான். கட்டடம் பூட்டும் வரை மேனேஜர் வளாகத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டாவது விதி. அவரையும் இப்படி உட்காரவைத்துக் கேட்டீர்களா?

அவள் செல்போனைப் பெட்டியில் போட்டாள். செருப்பைக் கழற்றி, அங்கே வைத்திருக்கும் ரப்பர் செருப்பை மாட்டினாள். நான்காம் எண் டோக்கனை ஆணியில் மாட்டினாள். உள்ளே போனாள்.

அந்த டோக்கன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நீங்கள் எடுத்தது அங்கிருந்துதான். அதை நான் எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. அது ஒரு பரிசோதனை. போர்டு பொய் சொல்லும் என்று சொன்னாள் அல்லவா, வெளியே வரும்போது டோக்கன் இல்லாததைக் கவனிக்கிறாளா, கவனித்தால் என்ன செய்கிறாள் என்று பார்க்க நினைத்தேன். கர்னல் மரத்தடியில் நடத்தியது கேள்வி பதில். அவர் விட்டுப்போன பகுதியை நான் நடத்தினேன். பதறாத மனம் என்ற பகுதி.

டோக்கனை ஏன் ஆற்றில் எறியவில்லை என்று உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் ஆச்சரியப்பட்டார். டோக்கனைத் தொலைப்பது குற்றம், இன்ஸ்பெக்டர். நான் எதையும் தொலைத்தவன் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு அவள் அம்மா காவல் அறை எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, ஃபெமினா கிளம்பிட்டாளா? போன் ஆஃப்னே வருது. ஆஸ்பத்திரில நான் தனியா உக்காந்திருக்கேன்பா."

"ஒன்னேகாலுக்கே கிளம்பிட்டாங்கம்மா. புக்குல எழுதியிருக்கு."

"பஸ் ஏறிட்டாளா, பார்த்தீங்களா?"

"அது என் வேலை இல்லம்மா."

உண்மைதான். என் வேலை கேட் வரைக்கும். போனை நான்தான் அணைத்தேன். பெட்டியில் போடும் போன்கள் அணைந்திருக்க வேண்டும், அவள் அணைக்காமல் போட்டிருந்தாள். ராணுவத்தில் ஐந்து வருடம் இருந்தும் அந்தக் கவனக்குறைவு. அதற்கு மதிப்பெண் குறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காவலுக்கு மாற்றுக் காவலர் காத்தான் வர வேண்டும். அவருக்கு நான்தான் சனிக்கிழமை மூன்று மணிக்குப் போன் செய்து, நானே பார்த்துக்கொள்கிறேன், வர வேண்டாம் என்றேன். அக்கா வீட்டுக் காதுகுத்து இருக்கிறது, சமயபுரம் போகணும் என்று வாரம் முழுக்க சொல்லிக்கொண்டிருந்தார். மிகவும் சந்தோஷப்பட்டார். உபகாரம் என்று செய்ததையும் நீங்கள் குற்றத்தில் சேர்ப்பீர்கள், தெரியும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை சுற்று. ஒரு சுற்றும் நான் தவறவிடவில்லை. இரண்டாவது கட்டடத்தில் மண்மேட்டுக்கு உள்பக்கம் போய்க் கதவருகே நின்றேன். அங்கே நின்றால் கேட்கும்.

முதல் அரைமணி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அண்ணா, பூவரசன் அண்ணா என்று. பிறகு தட்டினாள். கவனியுங்கள், உள்ளங்கையால் தட்டினாள். கை வலித்திருக்க வேண்டும், பிறகு ரப்பர் செருப்பால் தட்டினாள். பெட்டி திறக்கும் செம்புக் கம்பி ஒன்று உள்ளே கிடந்தது. அதைக் கொண்டு இரும்புத் தாழ்ப்பாளை ஓங்கி அடித்திருந்தால் அந்தக் காட்டில் ஆடு மேய்க்கிறவனுக்குக் கேட்டிருக்கும். அடிக்கவில்லை. வெடி இருக்கும் இடத்தில் உலோகத்தின் மேல் எதையும் ஓங்கி அடிக்கக்கூடாது என்று படித்தவள். மேலே காற்றுத் துவாரம் இருக்கிறது. நாலு பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினால் வாய் எட்டும். பெட்டியை இழுக்கக்கூடாது என்பது விதி, ஏறி நிற்கக்கூடாது என்பதும் விதி. இழுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் இழுத்திருப்பார்கள். மாலிக் இழுத்திருப்பான், உயிரோடும் இருப்பான். அவன் அந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்.

மே மாதம். வெளியே நூற்று ஆறு டிகிரி. உள்ளே எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, அளக்கும் கருவி வாங்கித் தரும்படி மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறேன். கொடுக்கவில்லை.

சாவி ஒன்றுதான் என்னிடம், நினைத்தாலும் என்னால் திறந்திருக்க முடியாது. மேனேஜருக்கு ஒரு போன் போதுமே என்று உங்கள் ரைட்டர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சனிக்கிழமை மாலை முதல் திங்கள் காலை வரை மேனேஜரும் எனக்குப் போன் செய்யவில்லை, கர்னலும் செய்யவில்லை. அந்தப் பெண்ணுக்கு உதவியாக இரு என்று தோளைத் தட்டிவிட்டுப் போனவர், அவள் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று ஞாயிறு பூசை முடிந்த பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார். அப்போதும் கைலாசபுரத்தில் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டில் தேடினார்கள், அவளுடன் படித்தவர்கள் வீட்டில் தேடினார்கள். கிடங்குக்கு ஒருவரும் வரவில்லை. புத்தகத்தில் ஒன்றேகால் என்று இருக்கிறது, போர்டும் காலி. எல்லோரும் போர்டைத்தான் நம்பினார்கள். என்னைக் கேவலமாகப் பார்த்த அதே மனிதர்கள்.

ஞாயிறு பதினொன்றேகாலுக்குக் கடைசியாகத் தட்டினாள். மூன்று முறை, இடைவெளி விட்டு. அழவில்லை. சுற்றுப் புத்தகத்தில் "சத்தம் இல்லை, எல்லாம் சரி" என்று அடுத்த சுற்றில்தான் எழுதினேன். அதற்கு முன் எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். இருவரும் சேர்ந்து திறந்தோம். கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருப்புத்தாள் மடியில் இருந்தது. கடைசிப் பெட்டி வரை எண்ணி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். நான் எடுத்துச் சரிபார்த்தேன். ஒரு பெட்டிகூட விட்டுப்போகவில்லை. மேனேஜர் வாசலிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நெருக்கடியில் பதறாத மனம் கேட்டு விளம்பரம் எழுதியவர்.

நான் கைகால் கழுவிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். உங்கள் ஆட்கள் வந்தபோது தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடிக்க விட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

கர்னல் நேற்று இங்கே வந்தார் அல்லவா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாரே. அவரிடம் சொல்லுங்கள். அவர் தேர்ந்தெடுத்தது சரியான ஆளைத்தான். எல்லாப் பகுதியிலும் தேறினாள். போன் ஒன்றுதான் குறை. நான் பரிசோதித்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

என்னைப் பற்றியும் அவர் எழுதிய குறிப்பைத் திருத்த வேண்டும். பதினேழாவது விதியை நான் மதிப்பதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது தவறு. போர்டு காலி என்று நினைத்துப் பூட்டிவிட்டான், அஜாக்கிரதை என்று நீங்கள் வழக்கு எழுதப் பார்க்கிறீர்கள். அதுவும் தவறு. நான் அஜாக்கிரதையாக எதையும் செய்தவன் இல்லை. அந்தச் சனிக்கிழமை, ஒன்றேகாலுக்கு, பதினோரு வருடத்தில் முதல் முறையாக, கதவுக்குள் தலையை நீட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தேன். பத்து எண்ணினேன். பதில் இல்லை, அவள் உள்கோடியில் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை கொடுத்தேன். பத்து எண்ணினேன். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே கொடுத்தேன்.

"இருக்கேண்ணா" என்றாள். "நாலே பெட்டி. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

கதவைச் சாத்தினேன். இரண்டு பூட்டையும் அழுத்தினேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.